மண்டையோடு சொன்ன விடை

வருங்காலப் போர்களைப் பற்றிய கதைகள் என்றால் எனக்குப் பள்ளி நாள் தொட்டே உயிர். அருப்புக்கோட்டையில் எங்கள் தெருமுனை நூலகத்தில் தொடங்கிய அந்தப் பித்து, புனேக்கு முதுகலை படிக்க வந்த பின்னும் தீரவில்லை. விண்கலம் பறக்க வேண்டும், நகரம் எரிய வேண்டும், கடைசி அத்தியாயத்தில் நம்மவர் வெல்ல வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. அந்த 'நம்மவர்' யார் என்று நான் வெகுநாள் எண்ணிப் பார்த்ததில்லை. விடுதியில் ஒரு மழைநாளில் ஜாக் லண்டன் 1910-இல் வெளியிட்ட சிறுகதை ஒன்றைப் படித்தபோதுதான் பொறி தட்டிற்று. கதை நடப்பது 1976-ஆம் ஆண்டில். சீனர் பெருகிவிட்டனர் என்று அஞ்சிய மேலை நாடுகள் ஒன்றுகூடி அந்நாட்டைச் சுற்றி வளைத்து, ஆகாயக் கப்பல்களிலிருந்து கொள்ளைநோய்க் கிருமிகள் அடைத்த கண்ணாடிக் குழாய்களைப் போட்டு ஒருவர் விடாமல் மாய்க்கின்றன. பிறகு காலியான நிலத்தைத் துப்புரவு செய்து பங்கிட்டுக் குடியேறுகின்றன. இதைக் கதாசிரியர் ஒரு துயரமாகக் கூறவில்லை. நல்ல சுகாதார ஏற்பாடு ஒன்றை விவரிப்பதுபோல் கூறிச் செல்கிறார். அன்று என் கையிலிருந்த தேநீர் ஆறிப்போயிற்று.

இவ்வகைக் கதைகள் ஒன்றிரண்டல்ல. ஷீல் என்பவர் 1898-லேயே மஞ்சள் நிறத்தாரால் ஐரோப்பாவுக்கு வரும் பேராபத்தை நாவலாக எழுதிவிட்டார். வெல்ஸ் 1908-இல் எழுதிய ஆகாயப் போர்க் கதையில் ஆசியரின் வான்படை வந்து அமெரிக்காவைத் தாக்குகிறது. ஆனால் இதே வெல்ஸ்தான் 1898-இல் செவ்வாய்க் கிரகத்தார் படையெடுப்பைப் பற்றி எழுதியபோது, டாஸ்மேனியத் தீவின் பழங்குடிகளை ஐரோப்பியர் அழித்ததைத் தொடக்கத்திலேயே நினைவூட்டினார் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் நௌலன் என்பவர் எழுதிய கதையில் 25-ஆம் நூற்றாண்டு வீரன் ஆசிய இனத்தாரிடமிருந்து தன் நாட்டை மீட்கிறான். அது அச்சான ஆண்டு 1928.

இந்த 1928-ஆம் ஆண்டை நண்பர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஏனெனில் அதே ஆண்டு நவம்பரில், இந்தப் புனே நகரத்துப் பெண் ஒருவர் கப்பலேறி ஜெர்மனிக்குச் சென்றார். அவருக்கு 23 வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஏறக்குறைய என் வயதுதான். அக்கதைகளுக்கெல்லாம் அடிப்படையாய் அமைந்த இனமேன்மைக் கொள்கையை, அக்கொள்கை பிறந்த கூடத்திலேயே, அவர்கள் கொடுத்த கருவியைக் கொண்டே அளந்து பார்த்தவர் அவர். அவர்தாம் இராவதி கார்வே அம்மையார்.

அம்மையார் பிறந்தது பர்மாவில், மிங்யான் என்னும் ஊரில், 1905-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள். தந்தையார் கணேஷ் ஹரி கர்மார்க்கர் அங்கே பருத்திக் கம்பெனியில் பொறியாளர். ஊரை ஒட்டி ஓடும் ஐராவதி ஆற்றின் பெயரையே குழந்தைக்கு இட்டார்கள். பர்மா என்றால் எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை இருக்கும். என் பாட்டியின் தந்தை 1942-இல் அங்கிருந்து கால்நடையாகவே திரும்பியவர். ஆகவே அந்த ஆற்றின் பெயரைத் தாங்கியவர் என்றறிந்ததுமே அம்மையார்பால் எனக்கு ஓர் உறவு உண்டாயிற்று என்பதை மறைப்பானேன்?

ஏழாம் வயதில் அவரைப் படிப்புக்காகப் புனேக்கு அனுப்பினர். ஹுசூர்பாகா பெண்கள் பள்ளியில் சேர்ந்தார். உடன் படித்த சகுந்தலாவின் வீட்டில் வளரும் பேறு கிடைத்தது. அவ்வீட்டுத் தலைவர், கேம்பிரிட்ஜில் 1899-இல் கணிதத்தில் முதலிடம் பெற்ற பராஞ்சபே. புத்தகமும் விவாதமும் மலிந்த இல்லம் அது. பின்னர் பெர்குசன் கல்லூரியில் மெய்யியல் பயின்று 1926-இல் பட்டம் பெற்றார். பம்பாயில் கோவிந்த் சதாசிவ் குர்யேயிடம் சமூகவியல் கற்று 1928-இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். இதற்கிடையே பெர்குசன் கல்லூரி வேதியியல் ஆசிரியர் தினகர் கார்வேயுடன் திருமணம் நடந்தது.

இவ்விடத்தில் ஒரு விந்தை. மாமனார் யார் தெரியுமா? விதவையர் மறுவாழ்வுக்கும் பெண்கல்விக்கும் வாழ்நாளை ஈந்த மகரிஷி தோண்டோ கேசவ் கார்வே! 1916-இல் பெண்களுக்கென்றே ஒரு பல்கலைக்கழகத்தை நிறுவியவர். 1958-இல் பாரத ரத்னா விருது பெற்றவர். அத்தகைய பெரியவரே மருமகள் கடல் கடந்து படிக்கச் செல்வதை விரும்பவில்லை. ஊருக்கு உபதேசிப்பது ஒன்று, வீட்டில் நடப்பது வேறொன்று என்று எளிதாக ஏசிவிடலாம். ஆனால் நம் வீட்டுப் பெரியவர்களையும் ஒரு கணம் நினைத்துப் பார்த்தால் ஏச்சு வாயிலேயே நின்றுவிடும். கணவரோ ஜெர்மனியில் படித்துத் திரும்பியவர். அவர் மனைவியின் பக்கம் நின்றார். காங்கிரஸ் தலைவர்களுள் ஒருவரான ஜீவராஜ் மேத்தா கடனாகப் பணம் தந்தார். அம்மையார் புறப்பட்டுவிட்டார்.

பெர்லின் நகரின் தாலெம் பகுதியில் அதற்கு முந்திய ஆண்டு, 1927-இல்தான், கைசர் வில்ஹெல்ம் நிறுவனத்தைச் சேர்ந்த மானிடவியல், மரபியல், இன மேம்பாட்டியல் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டிருந்தது. அதன் தலைவர் ஆய்கென் பிஷர். தென்மேற்கு ஆப்பிரிக்காவில், அது ஜெர்மானியரின் குடியேற்ற நாடாய் இருந்தபோது, வெள்ளையருக்கும் ஆப்பிரிக்கருக்கும் பிறந்த மக்களை 1908-இல் ஆராய்ந்து, 1913-இல் நூலெழுதிப் பெயர் பெற்றவர். இனக்கலப்பால் கேடு விளையும் என்பது அவர் கட்சி. அந்நாளில் அவர் ஏதோ மூலையில் கிடந்த பித்தர் அல்லர். உலகம் போற்றிய பேராசிரியர்; அவர் கையெழுத்துக்கு எங்கும் மதிப்பிருந்தது. இதை நாம் மறந்துவிட்டால் அம்மையார் செய்த செயலின் பளு நமக்குத் தெரியாமலே போகும்.

மனிதரை அளந்து தரம் பிரிக்கும் வேலை நம் நாட்டுக்கும் புதிதன்று. 1901-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை தாங்கிய ரிஸ்லி, மூக்கின் அகலத்துக்கும் நீளத்துக்குமுள்ள விகிதத்தைக் கொண்டு சாதிகளை வரிசைப்படுத்தலாம் என்று நம்பினார். நம் எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னாட்டு மக்களின் தலையையும் மூக்கையும் ஓயாமல் அளந்தவர். 1909-இல் வெளிவந்த அவருடைய 7 தொகுதிகளை இன்றும் நம் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள். நம் முன்னோரின் மூக்கில் பட்ட அந்தக் காலிப்பரேதான் இப்போது ஓர் இந்தியப் பெண்ணின் கைக்கு வந்தது.

பிஷர் அவருக்குக் கொடுத்த பொருள், மண்டையோட்டின் சமச்சீரின்மை. எந்த மனிதரின் மண்டையோடும் இடமும் வலமும் அச்சடித்தாற்போல் ஒத்திராது, சிறிது வேறுபடும். வெள்ளையருக்கு நெற்றிப்புற மூளையின் வலப்பகுதி பெரிது, அதனால் அவர்களுடைய மண்டையோடுகள் கூடுதலாகக் கோணியிருக்கும், அதுவே அவர்களின் அறிவு மேன்மைக்கு அடையாளம் என்பது பேராசிரியரின் கருதுகோள். கணக்கைப் போட்டுக் காட்டுவதுதான் மாணவியின் கடமை. ஐரோப்பிய மண்டையோடுகளோடு, ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவையும் அலமாரிகளில் அடுக்கிக் கிடந்தன. அவை எவ்வாறு அங்கு வந்தன, எந்தப் போரில் யாருடைய கழுத்திலிருந்து எடுக்கப்பட்டன என்று லேபிளில் எழுதியிருக்காது.

அம்மையார் 149 மண்டையோடுகளை அளந்தார்.

இந்த வேலையின் இயல்பை நான் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் இதில் எனக்குக் கொஞ்சம் பழக்கமுண்டு. நான் அளப்பது மண்டையோடல்ல, தும்பியின் இறக்கை. இடப்புற இறக்கைக்கும் வலப்புற இறக்கைக்குமுள்ள வேறுபாடு ஒரு மயிரிழை. நம் கை சற்று நடுங்கினால் வரும் பிழையும் ஒரு மயிரிழைதான். ஆகவே ஒன்றை அளந்து, குறித்து, மூடிவைத்து, மறுநாள் முதல் எண்ணைப் பாராமல் மீண்டும் அளக்க வேண்டும். இதில் ஒரு பெரும் அபாயம் இருக்கிறது. எந்த விடை வரவேண்டும் என்று மனம் முன்கூட்டியே அறிந்திருந்தால், காலிப்பரின் முனை தானே அந்தப் பக்கம் அரை மயிரிழை நகரும். ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணமே வேண்டியதில்லை. பேராசிரியர் மகிழ வேண்டும் என்ற ஆசை போதும். உணவும் மொழியும் குளிரும் புதிதான அயல்நாட்டில், கடன் வாங்கிச் சென்ற பணத்தில், அலமாரிக்கு எதிரே அமர்ந்திருந்த ஓர் இளம் பெண்ணுக்கு அந்த ஆசை எவ்வளவு இயற்கையானது!

அம்மையாரின் காலிப்பர் நகரவில்லை. இனத்துக்கும் மண்டையோட்டின் கோணலுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்பதே அவர் கண்ட முடிவு. வெள்ளையரின் ஓடும் கோணல், கறுப்பரின் ஓடும் கோணல்; இதில் மேல் கீழ் ஒன்றுமில்லை. அதை அப்படியே எழுதிப் பேராசிரியரிடம் கொடுத்துவிட்டார். பிஷர் மனமில்லாமல் ஏற்றுக்கொண்டார். தேர்ச்சிக்குரிய மிகக் குறைந்த தரத்தையே அளித்தார் என்று அம்மையாரின் வாழ்க்கை வரலாற்றில் காண்கிறோம். முனைவர் பட்டம் பெற்று 1930-இல் அம்மையார் ஊர் திரும்பினார். ஆய்வேடு 1931-இல் ஜெர்மன் மொழியில் அச்சாயிற்று. இந்த முடிவால் ஜெர்மனியில் யாருடைய மனமும் மாறியதாகத் தெரியவில்லை. அறிவியலில் உண்மை தானே வெல்லும் என்று நமக்குச் சொல்லித் தருகிறார்கள். இங்கு அப்படி நடக்கவில்லை.

நடந்தது வேறு. 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அவ்வாண்டே பிஷர் பெர்லின் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பில் அமர்ந்தார். பரம்பரை நோயாளிகள் என்று முத்திரையிடப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யும் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. ரைன் பகுதியில் ஆப்பிரிக்கத் தந்தையருக்குப் பிறந்த பல நூறு குழந்தைகளுக்கு 1937-இல் இரகசியமாகக் கருத்தடை செய்தனர். அதற்கு இனச் சான்று வழங்கியோருள் அந்த நிலையத்தாரும் இருந்தனர். பிஷருக்குப் பின் 1942-இல் நிலையத்தின் தலைவரான வெர்ஷுவருக்கு, ஆஷ்விட்ஸ் கொலைக்கூடத்திலிருந்து மெங்கலே என்னும் மருத்துவன் மனித உறுப்புகளை அனுப்பிவந்தான். கதாசிரியர்கள் எதிர்கால ஆண்டுகளில் நடக்கும் என்று எழுதியவை, ஆகாயக் கப்பல் ஏதுமின்றி, கோப்புகளும் ரப்பர் முத்திரைகளும் கொண்டே நடந்து முடிந்தன. அந்நிலையம் இருந்த கட்டடத்தின் அருகே 2014-இல் மண் தோண்டியபோது மனித எலும்புகள் கிடைத்தன. தொடர்ந்து அகழ்ந்ததில் சுமார் 16,000 துண்டுகள் வெளிப்பட்டன. அவற்றை 2023-இல் மரியாதையுடன் அடக்கம் செய்தனர்.

அம்மையாரின் பிற்கால வாழ்வுக்கு வருவோம். 1931 முதல் 1936 வரை மாமனார் நிறுவிய பெண்கள் பல்கலைக்கழகத்தில் பதிவாளர் வேலை. கோப்புகளுக்கிடையே ஐந்தாண்டுகள் போயின. 1939-இல் எரவாடாவிலுள்ள டெக்கான் கல்லூரி ஆராய்ச்சி நிலையமாகப் புதுவாழ்வு பெற்றபோது சமூகவியல் துறையில் சேர்ந்தார். பணிக்காலம் முழுவதும் அங்கேயே கழிந்தது. தொல்லியல் அறிஞர் சங்காலியாவுடன் சேர்ந்து குஜராத்தில் லாங்கனாஜ் என்னுமிடத்தில் அகழ்ந்து கற்கால மனித எலும்புக்கூடுகளைக் கண்டெடுத்தார். குங்குமமும் தாலியும் அணியாமல், கணவரைப் பெயர் சொல்லி அழைத்து, புனே வீதிகளில் ஸ்கூட்டர் ஓட்டிய முதற் பெண்மணி என்றும் அவரைப் பற்றி இங்குள்ள மூத்தோர் கூறுவர். இன்று இலட்சக்கணக்கான பெண்கள் முகத்தில் துணி சுற்றி ஸ்கூட்டரில் பறக்கும் இந்நகரில் அது ஒரு செய்தியாகவே தோன்றாது.

நம் சங்கத்தார் படிக்க வேண்டியது 1953-இல் வெளிவந்த அவருடைய இந்திய உறவுமுறை பற்றிய நூல். நாட்டை வடக்கு, நடு, தெற்கு, கிழக்கு என நான்கு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மொழியாரும் தம் சுற்றத்தாரை எந்தச் சொல்லால் அழைக்கிறார்கள், யாரை மணக்கிறார்கள் என்று ஆராய்ந்திருக்கிறார். தாயின் உடன்பிறந்தானும் மாமன், மனைவியின் தந்தையும் மாமன். தந்தையின் உடன்பிறந்தாளும் அத்தை, மாமியாரும் அத்தை. நமக்கு மூச்சு விடுவதுபோன்ற இவ்வழக்கில் எத்தனை ஒழுங்கு மறைந்திருக்கிறது என்பதைப் புனேக்காரர் ஒருவர் விளக்க நாம் அறிய வேண்டியிருக்கிறது. வடக்கே பெண் முன்பின் அறியாதவர் வீட்டுக்குப் போகிறாள். தெற்கே தெரிந்தவர் வீட்டிலேயே வாழ்க்கைப்படுகிறாள். மராட்டியம் இவ்விரண்டும் கலக்கும் இடம் என்றார் அம்மையார். என் அறை நண்பன் மராட்டியன்; மாமன் மகளைக் கட்டலாமென்பது அவன் ஊரிலும் உண்டு. மதராசி என்று என்னைக் கேலி செய்தவன், இந்நூலை நான் அவனுக்கு வாசித்துக் காட்டிய பிறகு சிறிது யோசனையில் ஆழ்ந்தான்.

ஒன்று என்னை உறுத்துகிறது. அதைச் சொல்லாமல் விட்டால் புகழ்மாலை ஆகிவிடும். இனமேன்மையைப் பொய்யென்று நிறுவிய அம்மையார், காலிப்பரைக் கீழே வைத்துவிடவில்லை. ஊர் திரும்பியதும் மராட்டியத்தின் சாதிகளையும் பழங்குடிகளையும் தாமே அளந்தார், பல்லாண்டு அளந்தார். ஒரே பெயரால் வழங்கும் பிராமணப் பிரிவுகளெல்லாம் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவையல்ல, பல மூலத்தினர் ஒரே பெயருக்குள் வந்தவர்கள் என்று காட்டித் தம் ஆசிரியர் குர்யேயின் கொள்கையை மறுக்கவும் அவ்வளவுகள் உதவின. இங்கேயும் ஆசிரியரை மறுத்தார் என்று நாம் மகிழலாம். ஆனால் சாதி என்பதை உடலில் தேடலாம் என்ற எண்ணமே பெர்லினிலிருந்து வந்ததல்லவா? விடையை மறுத்தவர் வினாவை மறுக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது. அளக்கப்பட்ட பழங்குடி மனிதர் காலிப்பரின் குளிர்ச்சியைத் தம் நெற்றிப் பொட்டில் உணர்ந்தபோது என்ன நினைத்திருப்பார் என்பது எந்த அட்டவணையிலும் இல்லை.

அம்மையாருக்கே அந்த உறுத்தல் இருந்ததோ என்று எண்ண இடமுண்டு. பண்டரிபுரத்துக்கு ஆண்டுதோறும் நடந்து செல்லும் வார்க்கரி யாத்திரையில் அவரும் நடந்தார். ஆடி ஏகாதசிக்கு முன் பல்லக்குகள் நம் நகரைக் கடக்கும்போது போக்குவரத்து நிற்பதை நாமெல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரே தெய்வத்தைப் பாடிக்கொண்டு செல்வோரும் சாதிவாரியாகப் பிரிந்து நடந்ததையும், தனித்தனியே சமைத்து உண்டதையும் கண்டு அவர் நொந்து எழுதினார். அந்தக் கட்டுரையில் அளவுகோல் இல்லை. கால் வலியும் புழுதியும் மனிதர்களுமே இருக்கிறார்கள்.

1967-இல் மராட்டியில் வெளிவந்தது யுகாந்தா. மகாபாரத மாந்தரைத் தேவர்களாக அல்லாமல் நம்மைப்போன்ற மனிதர்களாக வைத்துப் பார்த்த நூல். அடுத்த ஆண்டில் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அதில் காண்டவ வனம் எரிந்த பகுதியை நான் மூன்று முறை படித்தேன். கண்ணனும் அருச்சுனனும் காட்டைச் சூழ்ந்து நின்று, தப்பி ஓடும் உயிர் ஒவ்வொன்றையும் தீயிலேயே தள்ளுகிறார்கள். பக்தியோடு கேட்டு வந்த கதை. அம்மையாரோ, நாகரின் நிலத்தைப் பறிப்பதற்காக அங்கு வாழ்ந்தவர்களைப் பூண்டோடு அழித்த செயல் என்று அதை விளக்குகிறார். சுற்றி வளைத்தல், எரித்தல், காலியான நிலத்தில் மாளிகை எழுப்பல். ஜாக் லண்டனின் கதையும் இதே வரிசையில்தான் சென்றது என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. ஒரு வேறுபாடு: அமெரிக்கர் அதை வரப்போகும் வெற்றியாக எழுதினார், அம்மையார் தம் சொந்த முன்னோரின் பழியாக எழுதினார்.

யுகாந்தா வந்த அதே 1967-ஆம் ஆண்டில் பிஷர் தம் 93-ஆம் வயதில் ஜெர்மனியில் காலமானார். எந்த நீதிமன்றமும் அவரைத் தண்டிக்கவில்லை. அம்மையார் கடைசி ஆண்டுகளிலும் ஓய்ந்திருக்கவில்லை. கொய்னா அணைக்காக வீடும் நிலமும் இழந்த மக்கள் எவ்வாறு வாழ்கிறார்கள் என்று மகள் ஜாய் நிம்ப்கருடன் சேர்ந்து ஆராய்ந்து, 1969-இல் அறிக்கை வெளியிட்டார். 1970-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11-ஆம் நாள் புனேயில் மறைந்தார். வயது 64.

நான் அளந்தவை 212 இறக்கைகள். முளா ஆற்றின் சாக்கடை நீரில் வளர்ந்த தும்பிகளின் இறக்கைகள், மலைப்பக்கத் தெளிநீர்த் தும்பிகளின் இறக்கைகளைவிடக் கூடுதலாகக் கோணியிருக்கும் என்பது வழிகாட்டியின் எதிர்பார்ப்பு. நல்ல எதிர்பார்ப்புதான், அதில் யாரையும் தாழ்த்தும் எண்ணமில்லை. ஆனால் இருமுறை அளந்தும் வேறுபாடு எதுவும் வரவில்லை. சில எண்களை மறுபடி பார் என்று அவர் கூறியிருக்கிறார். எந்த எண்களை என்று கூறவில்லை. அட்டவணையை வரும் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். மூன்றாம் முறையும் அளந்து முடித்து, வந்த எண்களை வந்தபடியே இன்று காலை மையில் எழுதிவிட்டேன்.